பிரேக் கம்பெனி வளர்த்த தேசிய அணி

பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வந்துவிட்டால், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே கொரிய எழுத்துப் பலகைகள் தென்படத் தொடங்கும். 1996இல் ஹூண்டாய் தமிழ்நாட்டுக்கு வந்தது. 1998இல் முதல் சான்ட்ரோ ஆலையை விட்டு வெளியே வந்தது. கார் கம்பெனி ஓரிடத்தில் கூரை போட்டால் அதற்குப் பாகம் செய்து கொடுக்கிற கம்பெனிகளும் பின்னாலேயே வந்து சேரும். அப்படி வந்தவற்றில் ஒன்று மாண்டோ. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ஆகியவை அதன் தொழில். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், சுங்குவார்சத்திரம் என்று வேலை தேடுகிற இளைஞர்களுக்கு அது இன்னொரு கொரியக் கம்பெனி, அவ்வளவுதான்.

கொரியாவில் அந்தக் கம்பெனிக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. அந்த நாட்டின் ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணி 2017இல் உலகின் முதல் பதினாறு அணிகளின் வரிசைக்குள் நுழைந்தது. பாதி உலகம் நம்ப மறுத்த அந்த ஏற்றத்துக்கு அடித்தளம் போட்டது, 1994 டிசம்பரில் மாண்டோ தொடங்கிய கம்பெனி டீம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஹாக்கி என்றால் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம்தான். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காகத் தென்கொரிய அணி அங்கே வந்து ஆடியது. அது புல்தரை ஹாக்கி. இங்கே பேசப்போவது அதன் பனிக்கட்டிச் சகோதரனைப் பற்றி. ஏறக்குறைய 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பனித்தளம். பந்துக்குப் பதில் ‘பக்’ எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள். முழு வேகத்தில் முக்கால் நிமிடம் ஆடினாலே மூச்சு வாங்கும் என்பதால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள். உலக சாம்பியன்ஷிப் ஏணி மாதிரி அமைந்தது. உச்சியில் 16 அணிகள். அதற்குக் கீழே அடுக்கடுக்காகப் பிரிவுகள். ஒவ்வொரு ஆண்டும் மேலிருந்து சிலர் இறங்குவார்கள், கீழிருந்து சிலர் ஏறுவார்கள். கனடா, சுவீடன், பின்லாந்து, செக் என்று உச்சிப்படியில் நிற்கிற பெயர்கள் பெரும்பாலும் மாறுவதில்லை.

கொரியாவுக்கு இந்த ஆட்டம் ஜப்பானியர் வழியாக, காலனி நாட்களில் வந்தது. 1928இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக அணி வந்து ஆடிக் காட்டியதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். விடுதலைக்குப் பின் 1947இல் சங்கம் அமைந்தது. 1960இல் பன்னாட்டுக் கூட்டமைப்பில் உறுப்பு நாடானது. ஆனால் உலக சாம்பியன்ஷிப்பில் முதலில் இறங்கியது 1979இல்தான், அதுவும் கடைசி அடுக்கில், பார்சிலோனாவில். மூன்று ஆண்டு கழித்து ஸ்பெயினிலேயே நடந்த போட்டியில் ஜப்பானிடம் 0–25 என்று தோற்றது. கொரியர்களுக்கு ஜப்பானிடம் தோற்பது மற்ற தோல்விகளைப் போல அல்ல. அந்த எண் முப்பத்து நான்கு ஆண்டு அவர்களைத் துரத்தியது.

திறமைக்குப் பஞ்சம் இருந்ததாகத் தெரியவில்லை. 1998இல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டியில் கொரியப் பையன்கள் தாய்லாந்தை 92–0 என்று நொறுக்கினார்கள். சோங் டோங்-ஹ்வான் என்ற ஒரே பையன் 31 கோல் போட்டான். தாய்லாந்தை அப்படி அடித்ததில் பெருமைப்பட எதுவும் இல்லைதான். ஆனாலும் ஒன்று விளங்குகிறது. பள்ளி வயதில் ஆடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். யோன்செய், கொரியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கிற புகழ்பெற்ற மோதலில் கால்பந்து, ரக்பி, பேஸ்பால், கூடைப்பந்தோடு ஐஸ் ஹாக்கியும் உண்டு. சிக்கல் பட்டம் வாங்கிய மறுநாள் தொடங்கியது. இருபத்திரண்டு வயதில் ஸ்கேட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை தேட வேண்டும். போதாததற்குக் கட்டாய ராணுவச் சேவை வேறு. ஐஸ் ஹாக்கிக்காரர் உடலும் அனுபவமும் சேர்ந்து பழுக்கிற வயது இருபத்தைந்துக்கு மேல். அந்த வயதில் கொரியாவில் ஆட ஆளே இல்லை.

இந்த ஓட்டையை அடைத்தது ஒரு சம்பளப் பட்டியல்.

ஹூண்டாயை நிறுவிய சுங் ஜு-யுங்கின் தம்பி சுங் இன்-யுங். அவர் தொடங்கிய குழுமம் ஹல்லா, அதன் கையில் இருந்தது மாண்டோ. தந்தைக்குப் பின் பொறுப்பேற்ற சுங் மோங்-வோனுக்கு ஐஸ் ஹாக்கிப் பித்து இருந்தது. கம்பெனி அப்போது ஏர் கண்டிஷனரும் செய்துகொண்டிருந்தது. ‘வினியா’ என்பது அதன் வணிகப் பெயர். ஏர் கண்டிஷனருக்கு விளம்பரமாகப் பனிக்கட்டி ஆட்டம் பொருத்தமாகப் பட்டிருக்க வேண்டும். அணிக்கு மாண்டோ வினியா என்றே பெயர் வைத்தார்கள். விளம்பரக் கணக்கில் பிறந்த அணி என்று இதைக் குறைத்துப் பேசலாம். ஆனால் மாதாமாதம் சம்பளம் வந்தது. பட்டதாரி ஆட்டக்காரருக்கு முப்பது வயது வரை ஸ்கேட்டை மாட்டிக்கொண்டிருக்க ஒரு காரணம் கிடைத்தது.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுத்த நிறுவனங்கள் இல்லாவிட்டால் சென்னையில் ஹாக்கி, கூடைப்பந்து, வாலிபால் ஆகிய மூன்றும் எப்போதோ படுத்திருக்கும். வேறுபாடு ஒன்றுதான். இங்கே அந்தப் பொறுப்பைச் சுமந்தவை பெரும்பாலும் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும். கொரியாவில் அது ஒரு தனியார் முதலாளியின் பிடிவாதமாக இருந்தது.

பிடிவாதம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுத வேண்டியிருக்கிறது. 1997இன் ஆசிய நிதி நெருக்கடியில் கொரியப் பெருங்குழுமங்கள் வரிசையாகச் சரிந்தன. அந்த டிசம்பரில் ஹல்லாவும் திவாலானது. கடனை அடைக்க மாண்டோவையே வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் விற்றார்கள். ஏர் கண்டிஷனர் தொழிலும் கைமாறியது. வேறு கம்பெனிகள் நடத்திய ஹாக்கி அணிகள் அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஆலையை விற்றவர்கள் அணியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கணக்குப் பிள்ளை யாரும் ஒப்புக்கொள்ளாத முடிவு இது. பத்தாண்டுக்குப் பின், 2008இல், ஹல்லா மாண்டோவைத் திரும்ப வாங்கியது. அதற்குள் அணி அன்யாங் நகரத்தில் குடியேறி ‘அன்யாங் ஹல்லா’ ஆகியிருந்தது.

இந்த இடைக்காலத்தில் அணிக்குப் பெரிய தலைவலி எதிராளி இல்லாததுதான். உள்நாட்டில் மோத ஆள் இல்லை. நல்லவேளையாக ஜப்பானுக்கும் அதே வியாதி. அங்கே ஐஸ் ஹாக்கி முழுக்கக் காகித ஆலை, ரயில்வே, பால்பொருள் நிறுவனம் என்று கம்பெனி அணிகளின் ஆட்டம். 1999இல் ஃபுருகாவா எலக்ட்ரிக் தன் அணியைக் கைவிட்டது. ஸ்னோ பிராண்ட் பால் நிறுவனமும் விலகியது. லீகில் நான்கே அணிகள் மிஞ்சின. அந்த நான்கும் ஹல்லாவும் சேர்ந்து 2003இல் ஆசிய லீகைத் தொடங்கின. கொரிய ஐஸ் ஹாக்கியின் திருப்புமுனை என்று ஒலிம்பிக்கைச் சொல்வது வழக்கம். இந்தக் கட்டுரையின் கணிப்பில் அது 2003. ஆண்டுக்கு ஒருமுறை ஜப்பானைச் சந்தித்துத் தோற்றவர்கள் இனி பருவம் முழுக்க ஜப்பானிய அணிகளோடு மோதினார்கள். தோற்றுத் தோற்றுக் கற்றார்கள். ஆறேழு ஆண்டில், 2009–10 பருவத்தில், லீகை வென்ற முதல் கொரிய அணியாக ஹல்லா நின்றது. அடுத்த ஆண்டு இறுதிச் சுற்று நடக்கவிருந்த 2011 மார்ச்சில் ஜப்பானைப் பூகம்பமும் சுனாமியும் தாக்கின. ஆட்டங்களை ரத்து செய்து தோஹோகு ஃப்ரீ பிளேட்ஸ் அணியோடு கோப்பையைப் பகிர்ந்து கொடுத்தார்கள்.

அதே 2011 ஜூலையில் டர்பனில் கூடிய ஒலிம்பிக் குழு 2018 குளிர்கால ஒலிம்பிக்கைப் பியோங்சாங்குக்கு வழங்கியது. கொரியாவே கொண்டாடியது. ஐஸ் ஹாக்கிக்காரர்களுக்கு மட்டும் வயிற்றில் புளி கரைந்தது. நடத்தும் நாடு என்பதற்காக இடம் தானாகக் கிடைத்துவிடாது என்று பன்னாட்டுக் கூட்டமைப்பு கையை விரித்தது. கூட்டமைப்பின் கவலையில் நியாயமும் உண்டு. கனடாவோடு மோதவிட்டு இருபது கோல் வாங்கினால் யாருக்கு அவமானம்? தரத்தை உயர்த்திக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்பதுதான் நிலை.

பணிகள் மளமளவென்று நடந்தன. 2012இல் ராணுவ விளையாட்டுப் பிரிவான சங்மு ஓர் ஐஸ் ஹாக்கி அணியை அமைத்தது. சேவைக்குப் போனவர்கள் இரண்டு ஆண்டு துப்பாக்கியோடு மட்டும் கழிக்காமல் பனித்தளத்திலும் இருக்க முடிந்தது. 2013இல் சுங் மோங்-வோனே சங்கத் தலைவரானார். இளம் ஆட்டக்காரர்கள் சிலரைப் பின்லாந்தின் இரண்டாம்நிலை லீகுக்கு அனுப்பினார்கள். எல்லாவற்றையும்விடப் பேச்சைக் கிளப்பியது குடியுரிமை விவகாரம். கொரிய அணிகளில் பல ஆண்டு ஆடிவந்த வட அமெரிக்கர்களுக்குக் கொரியக் குடியுரிமை கொடுத்துத் தேசிய அணியில் சேர்த்தார்கள். 2013இல் முதலில் வந்தவர் கனடியரான ப்ராக் ரடன்ஸ்கி. ஒலிம்பிக் நேரத்தில் அப்படிப்பட்டவர்கள் ஏழு பேர். அவர்களில் ஆறு பேர் கனடியர், ஒருவர் அமெரிக்கர்.

ஆனாலும் 2014 ஏப்ரலில் சொந்த மண்ணான கோயாங்கில் நடந்த இரண்டாம் அடுக்குப் போட்டியில் ஐந்து ஆட்டத்திலும் தோற்று அணி கீழே இறங்கியது. ஒலிம்பிக்குக்கு நான்கே ஆண்டு இருக்கும்போது இதைவிடக் கேவலமான அறிக்கை வர வழியில்லை.

அந்தக் கோடையில் பயிற்சியாளராக வந்து சேர்ந்தவர் ஜிம் பேக். பெற்றோர் வைத்த பெயர் பேக் ஜி-சுன். 1967இல் சியோலில் பிறந்து, கைக்குழந்தையாகவே டொரண்டோவுக்குப் போனவர். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் ஆடிய முதல் கொரியப் பிறப்பாளர் அவரே. பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணியோடு 1991, 1992 என்று அடுத்தடுத்து இருமுறை ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியவர். உதவிக்கு அழைத்துக்கொண்டது ரிச்சர்ட் பார்க்கை. அவரும் சியோலில் பிறந்து என்.எச்.எல். வரை போனவர். வந்ததும் பேக் சொன்ன இலக்கு ஒலிம்பிக் தங்கம். உலகமே சிரித்திருக்கும். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தில் கொரியாவை அரையிறுதிக்குக் கொண்டுபோன ஹிடிங்கின் பெயரைச் சொல்லி, இவரை ஐஸ் ஹாக்கியின் ஹிடிங்க் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தச் செப்டம்பரில் பன்னாட்டுக் கூட்டமைப்பும் மனம் இரங்கிக் கொரியாவின் ஒலிம்பிக் இடத்தை உறுதி செய்தது.

பேக் ஆட்டக்காரர்களை எங்கிருந்தும் கண்டுபிடிக்கவில்லை. கையில் இருந்தவர்களைத்தான் வேறு விதமாக ஆடவைத்தார். கொரியர்களுக்கு உயரமும் எடையும் குறைவு, ஆனால் கால்வேகம் அதிகம். பக்கை மட்டையிலேயே வைத்துக்கொண்டு அழகு காட்டுவதை விட்டுவிட்டு, எதிராளியைச் சுற்றிச் சுற்றி நெருக்கிப் பக்கைப் பிடுங்கி ஓடுகிற ஆட்டம். பின்னால் சுவராகக் கோல்கீப்பர் மேட் டால்டன். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்துச் சிற்றூர்க்காரர், 2014 முதல் ஹல்லாவின் கோல்கீப்பர், 2016 முதல் கொரியக் குடிமகன். அணியின் மற்ற தூண்களும் ஹல்லா சம்பளக்காரர்கள்தான்: நடுக்கள வீரர் சோ மின்-ஹோ, கிம் கி-சுங், கிம் சாங்-வூக் சகோதரர்கள். தினமும் ஒன்றாக ஆடுகிறவர்கள் தேசிய உடையை மாட்டிக்கொண்டதும் புதிதாகப் பழக வேண்டியதில்லை. ஒரே கம்பெனி அணியை நம்பியிருப்பதில் கிடைத்த லாபம் அது. அதன் நஷ்டம் பிறகு தெரிந்தது.

2015இல் ஐன்ட்ஹோவனில் மூன்றாம் அடுக்கை வென்று மேலே வந்தார்கள். 2016 ஏப்ரலில், போலந்தின் கட்டோவிச்சேயில், ஜப்பானை 3–0 என்று வென்றார்கள். 1982இன் 0–25க்குப் பிறகு, ஒரு டிராவைத் தவிர, கொரியா தோல்வியை மட்டுமே சந்தித்த எதிராளி. 2017 பிப்ரவரியில் சப்போரோ ஆசியக் குளிர்கால விளையாட்டில், ஜப்பானின் சொந்தத் தளத்திலேயே, 4–1. வெள்ளிப் பதக்கம், அதுவரை பெற்றதில் சிறந்தது. தங்கம் கசகஸ்தானுக்குப் போனது. கொரிய ஆட்டக்காரருக்கு அந்த இடைவெளி வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. ஆசியப் போட்டித் தங்கம் ராணுவச் சேவையிலிருந்து விலக்குத் தரும், வெள்ளி தராது.

இரண்டு மாதம் கழித்துக் கீவ். உலக சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் அடுக்கு. ஆறு அணிகளில் முதலிரண்டு உச்சிக்குப் போகும். போலந்தை 4–2 என்று வென்றார்கள். அடுத்து, அதுவரை ஒருமுறைகூடத் தோற்கடிக்க முடியாத கசகஸ்தானை 5–2 என்று. ஹங்கேரியை 3–1 என்று. ஆஸ்திரியா 5–0 என்று திருப்பி அடித்துக் காலைத் தரைக்குக் கொண்டுவந்தது. ஏப்ரல் 28, கடைசி ஆட்டம், நடத்தும் நாடான உக்ரைனோடு. ஒழுங்கு நேரத்தில் 1–1. கூடுதல் நேரத்திலும் முடிவில்லை. ஷூட்அவுட்டில் கொரியா வென்றது. வயதுவந்த ஆண் ஆட்டக்காரர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் சில நூறு பேரைத் தாண்டாத ஒரு நாடு, உலக ஐஸ் ஹாக்கியின் முதல் பதினாறில் நின்றது.

அந்த டிசம்பரில் மாஸ்கோவில் நடந்த சேனல் ஒன் கோப்பையில் கனடா, பின்லாந்து, சுவீடன் மூன்றிடமும் தோற்றார்கள். கனடாவோடு 2–4 என்பதைப் பார்த்தவர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். டால்டன் அன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட அடிகளைத் தடுத்தார். கொரியாவின் இரண்டு கோல்களும் கிம் சாங்-வூக்கினுடையவை.

ஒலிம்பிக் வந்தது. டால்டன் தன் முகக்கவசத்தில், பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானியக் கப்பல்படையை விரட்டிய தளபதி யி சுன்-சின்னின் உருவத்தை வரைந்து வைத்திருந்தார். கனடாவில் பிறந்தவர் கொரிய வரலாற்றைத் தலையில் சுமந்தது ரசிகர்களுக்குப் பிடித்திருந்தது. அரசியல் சின்னம் என்று சொல்லி ஒலிம்பிக் குழு அதை மறைக்கச் சொன்னது. 2018 பிப்ரவரி 15, கங்னுங் அரங்கம், எதிரில் செக். முதல் பகுதியிலேயே சோ மின்-ஹோ அடித்த பக் வலைக்குள் போனது. ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கியில் கொரிய ஆண்களின் முதல் கோல். சில நிமிடங்களுக்குக் கொரியா செக்கை முந்தி நின்றது! முடிவில் 1–2. அடுத்து சுவிட்சர்லாந்து 0–8 என்று தூக்கி எறிந்தது. கனடாவிடம் 0–4. தகுதிச் சுற்றில் பின்லாந்திடம் மூன்று கோல் பின்தங்கியிருந்து, 2–3 வரை துரத்திப் பிடித்து, கடைசியில் 2–5. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். அந்த ஒலிம்பிக்குக்கு என்.எச்.எல். தன் ஆட்டக்காரர்களை அனுப்பவில்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். அனுப்பியிருந்தால் ஸ்கோர் பலகை வேறு கதை சொல்லியிருக்கும். (உலகப் பத்திரிகைகள் அந்த நாட்களில் எழுதித் தள்ளியது வட, தென் கொரியாக்கள் சேர்ந்து இறக்கிய பெண்கள் அணியைப் பற்றி. ஆண்கள் ஓரளவு நிம்மதியாகத் தோற்க முடிந்தது.)

மே மாதம் டென்மார்க்கில் உச்ச அடுக்கு உலக சாம்பியன்ஷிப். அங்கே கருணை இல்லை. கனடாவிடம் 0–10, அமெரிக்காவிடம் 1–13, பின்லாந்திடம் 1–8. ஏழு ஆட்டம், ஏழு தோல்வி, போட்ட கோல் 4, வாங்கியது 48. ஏறிய ஆண்டே இறங்கினார்கள்.

இதை வீழ்ச்சி என்று சொல்வது எளிது. ஆனால் அந்த உயரத்தில் நின்று அடி வாங்குவதற்கே முப்பது, நாற்பது ஆண்டு உழைத்தும் ஏற முடியாத நாடுகள் பல. 2019இலும் இரண்டாம் அடுக்கில் மூன்றாவது இடம் பிடித்து நன்றாகவே ஆடினார்கள். உண்மையான சரிவு பனித்தளத்துக்கு வெளியே நடந்தது. ஒலிம்பிக் முடிந்ததும் சங்மு ஐஸ் ஹாக்கிக்கு ஆள் எடுப்பதை நிறுத்தியது. ஒலிம்பிக் ஆர்வத்தில் 2016இல் அணி தொடங்கிய டேம்யுங் விடுதிக் குழுமம் 2021இல் கடையைக் கட்டியது. மலைவாசத் தலமான ஹைவொன் நடத்திய அணியும் ஆசிய லீகிலிருந்து மறைந்தது. பட்டம் வாங்குகிற கல்லூரி ஆட்டக்காரருக்கு முன்னால் மறுபடியும் ஒரே ஒரு கதவு, 1994இல் திறந்த அதே கதவு. குடியுரிமை பெற்ற வெளிநாட்டவர்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். 2022 ஜூனில், முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சோ மின்-ஹோ நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது 35. நீண்ட காலம் ஹல்லாவுக்கு ஆடியவர். அவருடைய 87ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி முடிவு செய்தது.

2024இல் இத்தாலியின் போல்சானோவில் தேசிய அணி மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. அதே காலத்தில் கம்பெனி அணி, குழுமத்தின் பெயர் மாற்றத்துக்குப் பின் ‘எச்.எல். அன்யாங்’, ஆசிய லீகை 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றது. முரண்பாடாகத் தோன்றலாம். ஒரே வேலைகொடுப்பவர் ஒரு நல்ல அணியைத்தான் தர முடியும். தேசிய அணிக்கு அந்த ஒன்றைத் தாண்டிய ஆழம் வேண்டும். கடன் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக அந்த ஆழம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. குடியுரிமை கொடுத்ததே தவறு என்று கொரியாவில் வாதிட்டவர்கள் உண்டு. அந்த வாதம் முழுக்கச் சரியல்ல. அவர்கள் வந்ததால் உள்ளூர்ப் பையன்கள் ஒவ்வொரு நாளும் தங்களைவிடச் சிறந்தவர்களோடு பயிற்சி செய்தார்கள். தவறு, அவர்கள் வாங்கித் தந்த ஆறேழு ஆண்டில் இரண்டாவது, மூன்றாவது சம்பளப் பட்டியலை நிலைநிறுத்தாமல் விட்டதுதான்.

ஓரகடத்திலிருந்து பார்க்கும்போது இந்தக் கதைக்கு ஓர் இந்தியப் பக்கமும் உண்டு. திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு 2013இல் ஓரகடத்திலும் பிறகு வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. அந்தக் கம்பெனியின் விற்பனைக் கனவுகள் குடிகொண்டிருக்கிற இடம் லடாக். இந்திய ஐஸ் ஹாக்கியும் அங்கேதான் வாழ்கிறது. இந்தியச் சங்கம் 1989இல் பன்னாட்டுக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆண்கள் அணி முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டிக்குப் போனது 2009இல், அபுதாபிக்கு. உலக சாம்பியன்ஷிப் ஏணியின் கடைசிப் படியில்கூட இன்னும் கால் வைக்கவில்லை. பெண்கள் முந்திக்கொண்டார்கள். 2025இல் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கி வந்தார்கள். 2024 ஜனவரி முதல் லேயில் ராயல் என்ஃபீல்டு பெயரில் ஒரு லீக் நடக்கிறது. தேசிய அணிகளின் பயிற்சிக்கும் அந்தக் கம்பெனி துணை நிற்கிறது. தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள் செய்கிற கம்பெனி இமயத்தில் ஐஸ் ஹாக்கிக்குக் கைகொடுப்பது பாராட்ட வேண்டியது.

ஆனால் கொரியப் பாடம் வேறொன்றைக் கேட்கிறது. லேயில் இயற்கைப் பனி கெட்டியாக நிற்பது ஜனவரி, பிப்ரவரியில். வெப்பம் கூடக்கூட அதுவும் சுருங்குகிறது. 2011இல் டேராடூனில் கட்டிய செயற்கைப் பனித்தளம் பல ஆண்டு பூட்டிக் கிடந்து 2025இல்தான் மறுபடி உயிர் பெற்றது. ஆட்டக்காரர்களுக்கு நிலையான சம்பளம் தருபவை ராணுவமும் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படையும். சீருடை போடாத லடாக் இளைஞருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் ஸ்கேட் ஒரு பொழுதுபோக்குத்தான். 1994க்கு முன் கொரியா இருந்த இடம் அது.

இன்னொரு ஆசியப் பதக்கத்துக்கு முன்னால் இந்திய அணிக்கு வேண்டியவை இரண்டு: ஆண்டு முழுக்க உறையும் ஒரு தளம், இருபது பேருக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம். சமூகப் பொறுப்புக்கென்று ஆண்டுதோறும் நிதி ஒதுக்குகிற கம்பெனிகள் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஓரகடம் வரை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்று, ஒரே பருவத்துக்கான ஸ்பான்சர் பலகையோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரு கம்பெனி டீமைப் பத்து ஆண்டுக்குச் சம்பளப் பட்டியலில் ஏற்றிக்கொள்ள முன்வர வேண்டும்.